லிட்டில் லீக் ரீஜனல் போட்டி: பிராக்கெட்டைப் படிப்பது எப்படி, அதை வைத்துத் திட்டமிடுவது எப்படி

அமெரிக்காவில் பிள்ளைகள் ஆடும் லிட்டில் லீக் பேஸ்பாலில், பிள்ளையின் அணி மாநிலப் பட்டத்தை வென்ற கையோடு பெற்றோர் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்து விழும். யார் யாரோடு எப்போது ஆடுவார்கள் என்று காட்டும் அந்தத் தாள்தான் பிராக்கெட். கோடுகள், கட்டங்கள், ஆட்ட எண்கள். புதிதாக வரும் பெற்றோர் அதில் முதலில் தேடுவது "நமக்கு எதிரே யார்?" என்பதை. அதைத் தெரிந்துகொண்டு ஆகப்போவது அதிகமில்லை. எந்தத் தேதியில் எத்தனை ஆட்டம், அன்று பந்து வீச யாருக்கு அனுமதி இருக்கும் என்பதைத்தான் அந்தத் தாளிலிருந்து எடுக்க வேண்டும். ஸ்கோர் மேசையில் உட்காருபவன் என்ற முறையில், ஆட்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களை ஒட்டியே இந்த வரிசையை அமைத்திருக்கிறேன்.

இங்கே சொல்வது 12 வயதுவரை ஆடும் மேஜர் பிரிவுக்கானது. தொடங்கும் முன் நான்கு பொருட்கள் கையில் இருக்கட்டும்: பிராக்கெட் தாள், அந்த ஆண்டின் போட்டி விதிப் புத்தகம், ஒரு மாதக் காலண்டர், உங்கள் அணியில் பந்து வீசத் தெரிந்த பிள்ளைகளின் பட்டியல். எழுதுவதற்குப் பென்சில். பேனாவால் எழுதினால் இரண்டாம் நாளே தாள் பாழாகிவிடும்.

1. எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

ஊர் லீக் தன் பிள்ளைகளிலிருந்து ஓர் ஆல்-ஸ்டார் அணியைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த அணி முதலில் டிஸ்ட்ரிக்ட் போட்டியில் ஆடும். கலிஃபோர்னியா, பென்சில்வேனியா மாதிரிப் பெரிய மாநிலங்களில் அடுத்து செக்‌ஷன் என்று ஒரு படி உண்டு. அப்புறம் மாநிலம், அதற்கு மேல் பல மாநில அணிகள் மோதும் ரீஜன், கடைசியில் பென்சில்வேனியாவின் சவுத் வில்லியம்ஸ்போர்ட்டில் உலகத் தொடர்.

2022 முதல் அமெரிக்காவில் 10 ரீஜன்கள் இருக்கின்றன: நியூ இங்கிலாந்து, மெட்ரோ, மிட்-அட்லான்டிக், சவுத் ஈஸ்ட், கிரேட் லேக்ஸ், மிட்வெஸ்ட், சவுத் வெஸ்ட், மவுன்டன், நார்த் வெஸ்ட், வெஸ்ட். பத்திலும் முதலிடம் பிடிக்கும் அணிகள் உலகத் தொடருக்குப் போகும். வெளிநாடுகளிலிருந்து இன்னொரு 10 வரும்.

எல்லா ரீஜனும் ஒரே அளவு இல்லை, பிராக்கெட்டின் வடிவத்தை இதுதான் தீர்மானிக்கிறது. மெய்ன், மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் என்று நியூ இங்கிலாந்தில் நான்கே அணிகள். ஜார்ஜியாவின் வார்னர் ராபின்ஸில் கூடும் சவுத் ஈஸ்டில் எட்டு. இன்னொரு விஷயம், மாநிலத்துக்கு ஓர் அணிதான் என்று நினைத்துவிடாதீர்கள். டெக்சஸ் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக வரும். கலிஃபோர்னியா வடக்கு, தெற்கு என்று வரும்.

இந்தப் படியை முதலில் உறுதி செய்யச் சொல்வதற்குக் காரணம், ஒரு படியின் முறை அடுத்த படிக்கும் பொருந்தும் என்று யாரும் எழுதித் தரவில்லை. டிஸ்ட்ரிக்டில் பூல் ஆட்டம் ஆடிய அணி மாநிலத்தில் டபுள் எலிமினேஷன் ஆட நேரலாம் (இந்த முறைகளை 3-ஆம் பகுதியில் பார்ப்போம்). "போன தடவை இப்படித்தானே இருந்தது" என்ற பேச்சு இங்கே எடுபடாது.

2. ஆட்டத்துக்கு முன்னால் காகிதம்

பிராக்கெட்டில் பெயர் ஏறினால் போதாது. அணியோடு எப்போதும் ஒரு கோப்பு பயணிக்கும்: வீரர் பட்டியலும் ஒப்பங்களும் கொண்ட அஃபிடவிட், ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்று, முகவரிச் சான்றுகள் அல்லது பள்ளிச் சேர்க்கைப் படிவம். தகுதியில்லாத ஒரு பிள்ளை களத்தில் இறங்கியது தெரிந்தால், ஜெயித்த ஆட்டமே கைவிட்டுப் போகலாம்.

வயதுக் கணக்கில்தான் அதிகம் இடறுவார்கள். பேஸ்பாலில் லீக் வயது என்பது அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று நிறைந்திருக்கும் வயது. 2025 சீசனை எடுத்துக்கொண்டால், 2012 செப்டம்பர் 1 அன்று பிறந்த பிள்ளைக்கு லீக் வயது 12. ஒரு நாள் முன்னதாக, ஆகஸ்ட் 31 அன்று பிறந்திருந்தால் 13. போட்டி நடக்கும் ஜூலையில் இரண்டு பேருக்குமே உண்மையில் 12 வயதுதான் என்பதால், பெற்றோருக்கு இது அநியாயமாகத் தெரியும். ஆனாலும் விதி அதுதான்.

கோப்பு அணியை நடத்தும் மேனேஜரின் பையில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் யாராவது ஒருவர் கண்ணால் பார்த்துவிடுங்கள். இந்த வேலையை எல்லாரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிடுவார்கள்.

3. ஆடும் முறை எது?

மூன்று முறைகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன.

சிங்கிள் எலிமினேஷனில் ஒரு தோல்வியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் மொத்த ஆட்டங்கள் கிடைக்கும்.

டபுள் எலிமினேஷனில் இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. அணிகளின் எண்ணிக்கையை இரட்டித்து இரண்டைக் கழியுங்கள்: நான்கு அணிக்கு 6 ஆட்டம், எட்டு அணிக்கு 14. இதன் மேல் இன்னும் ஓர் ஆட்டம் கூடலாம், அதை 6-ஆம் பகுதியில் பார்ப்போம்.

பூல் முறையில் ஒரு குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருவரோடொருவர் ஆடுவார்கள். முதலிடமோ முதல் இரண்டு இடமோ பிடிப்பவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள்.

தாளில் இருக்கும் ஆட்ட எண்களை எண்ணி இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் முறை எதுவென்று தெரிந்துவிடும். எட்டு அணி, பதினான்கு எண் என்றால் டபுள் எலிமினேஷன், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அணிகளின் எண்ணிக்கை 4, 8, 16 என்று அமையாவிட்டால் சில அணிகளுக்கு முதல் சுற்றில் ஆட்டம் இருக்காது. இதற்குப் பெயர் பை. ஆறு அணி என்றால் இரண்டு அணிக்குப் பை, ஐந்து என்றால் மூன்று அணிக்கு. பை கிடைத்த அணிக்கு ஓர் ஆட்டம் மிச்சம். அதைவிடப் பெரிய லாபம், அன்றைக்கு அந்த அணியின் பிட்சர்கள் யாரும் ஒரு பந்துகூட வீச வேண்டாம்.

4. எண்களைப் படிக்கும் விதம்

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் எண் இருக்கும். முதல் சுற்றில் மட்டும்தான் கோட்டின் மேல் அணியின் பெயர் இருக்கும். அதற்கு அப்புறம் டபிள்யூ7 என்று இருந்தால் 7-ஆம் ஆட்டத்தில் வென்ற அணி, எல்7 என்று இருந்தால் அதில் தோற்ற அணி.

எண் வரிசையும் தேதி வரிசையும் பெரும்பாலும் சேர்ந்தே போகும், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் கிழமையைப் பென்சிலால் எழுதுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்ப்பவர்கள்தான் பின்னால் மேனேஜரிடம் போய் "நாளைக்கு ஆட்டம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

தாளில் மேலே எழுதியிருக்கும் அணிதான் ஹோம் அணி (இரண்டாவதாக பேட் செய்யும் அணி) என்று நினைப்பதும் வழக்கமான தவறு. யார் ஹோம் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்வதே வழக்கம். வேறு விதமாக இருந்தால் தாளிலேயே எழுதியிருப்பார்கள்.

5. தோற்றவர் பக்கத்தைக் கோடு கோடாகத் தொடருங்கள்

எல்லாருக்கும் தலை சுற்றும் இடம் இது. எட்டு அணி டபுள் எலிமினேஷனை ஒரு முறை முழுதாக நடந்து பார்ப்போம். எண்கள் தாளுக்குத் தாள் மாறலாம், அமைப்பு மாறாது.

1 முதல் 4 வரை முதல் சுற்று. 1-லும் 2-லும் தோற்றவர்கள் 5-ஆம் ஆட்டத்தில் மோதுவார்கள், 3-லும் 4-லும் தோற்றவர்கள் 6-இல். இந்த இரண்டில் தோற்பவர்களுக்கு அது இரண்டாவது தோல்வி, அவர்கள் கிளம்பலாம். வென்றவர்கள் பக்கத்தில் 7-உம் 8-உம் நடக்கும்.

இனி கவனியுங்கள். 7-இல் தோற்றவர் நேராகக் கீழே இறங்கி 5-ஆம் ஆட்ட வெற்றியாளரைச் சந்திப்பதில்லை. குறுக்கே போய் 6-ஆம் ஆட்ட வெற்றியாளரோடு ஆடுவார், அது 9-ஆம் ஆட்டம். 8-இல் தோற்றவர் 5-இல் வென்றவரோடு 10-ஆம் ஆட்டத்தில் ஆடுவார். நேராக இறக்கிவிட்டால் முதல் சுற்றில் மோதிய அதே இரண்டு அணிகள் உடனே மறுபடி மோத நேரிடும், அதைத் தவிர்க்கத்தான் இந்தக் குறுக்குக் கோடு. தாளை வேகமாகப் பார்க்கிறவர்கள் இதைத் தவறவிட்டு, தவறான அணியை வேவு பார்க்கப் போய் உட்கார்ந்திருப்பார்கள்.

வென்றவர் பக்கத்தின் முடிவு 11-ஆம் ஆட்டம். தோற்றவர் பக்கத்தில் 9, 10-இல் வென்றவர்கள் 12-இல் மோதுவார்கள். 12-இல் வென்றவர் 11-இல் தோற்றவரோடு 13-இல் ஆடுவார். 11-இல் வென்றவரும் 13-இல் வென்றவரும் 14-இல், பட்டத்துக்கு.

இப்போது இரண்டு பாதைகளையும் எண்ணிப் பாருங்கள். தோற்காமலே போகும் அணிக்கு 1, 7, 11, 14 என்று நான்கு ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே தோற்ற அணிக்கு 1, 5, 10, 12, 13, 14 என்று ஆறு. "ஒரு தோல்விதானே, இன்னொரு வாய்ப்பு இருக்கிறதே" என்று ஆறுதல் சொல்வார்கள். வாய்ப்பு இருப்பது உண்மை. ஆனால் அதற்கு விலை இரண்டு கூடுதல் ஆட்டம், அதே நாட்களுக்குள், அதே பிட்சர்களை வைத்து. கடைசி ஆட்டத்தில் தோற்பதைவிட முதல் ஆட்டத்தில் தோற்பதுதான் அதிகம் வலிக்கும் என்று நான் சொல்வது இதனால்தான்.

6. இறுதி ஆட்டம் ஒன்றா, இரண்டா?

முழு டபுள் எலிமினேஷனில், தோல்வியே காணாத அணி 14-ஆம் ஆட்டத்தில் தோற்றால் அதற்கு அது முதல் தோல்விதான். ஆகவே 15-ஆம் ஆட்டம் நடக்க வேண்டும். தாளில் அதைப் புள்ளிக்கோட்டிலோ "தேவைப்பட்டால்" என்ற குறிப்போடோ போட்டிருப்பார்கள்.

திருத்திய வடிவத்தில் இந்த ஆட்டம் கிடையாது. இறுதி ஒன்றே ஒன்று, தோற்காமல் வந்தவர்கூட அன்று தோற்றால் பட்டம் போச்சு. உலகத் தொடரில் நடப்பது இப்படித்தான்.

ஆகவே தாளின் வலது ஓரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். 15 இருந்தால் தோற்காத அணி 14-இல் தன் சிறந்த பிட்சரை அடக்கி வைத்து ஆடிப் பார்க்கலாம். இல்லையென்றால் இருப்பதையெல்லாம் அன்றே இறக்கியாக வேண்டும்.

7. பூல் முறையில் சமநிலை வந்தால்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் நெட் ரன் ரேட் நினைப்போடு வந்து இங்கே ஏமாறுவார்கள். அங்கே அடித்த ரன்னுக்கும் மதிப்புண்டு. இங்கே நீங்கள் அடித்த ரன் கணக்கிலேயே வராது, விட்டுக்கொடுத்த ரன் மட்டும்தான் பார்க்கப்படும்.

வரிசை இதுதான். முதலில் வெற்றி தோல்வி. சமன் என்றால் சமநிலையில் இருப்பவர்களுக்குள் யார் யாரை வென்றார்கள் என்று பார்ப்பது. மூன்று அணிகள் வட்டமாக ஒன்றையொன்று வென்றிருந்தால் அது தீர்வு தராது. அப்போது, பூல் ஆட்டங்களில் விட்டுக்கொடுத்த மொத்த ரன்னை, ஃபீல்டிங் செய்த மொத்த இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். குறைந்த எண் வந்தவர் மேலே போவார்.

கற்பனையாக நான்கு அணிகள். சிவப்பு நீலத்தை 4-3 என்று வென்றது, நீலம் பச்சையை 5-2, பச்சை சிவப்பை 7-6. மஞ்சளை மூன்று பேருமே வென்றார்கள்: சிவப்பு 12-1, நீலம் 8-3, பச்சை 6-3. மூவருக்கும் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. மேலே போக இரண்டு இடம்.

சிவப்பு மஞ்சளை வென்ற ஆட்டம் நான்கு இன்னிங்ஸில் முடிந்தது, 10 ரன் முன்னிலை இருந்தால் ஆட்டத்தை முன்னதாகவே முடித்துவிடும் விதியால். நீலத்துக்கு எதிராக சிவப்பு ஹோம் அணி. முன்னிலையில் இருந்ததால் ஆறாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதியை, அதாவது தான் பேட் செய்ய வேண்டிய பாதியை, ஆடவில்லை, எனவே நீலம் ஃபீல்டிங் செய்தது 5 இன்னிங்ஸ்தான். மற்றதெல்லாம் முழு ஆட்டத்துக்கான 6.

சிவப்பு: 11 ரன், 16 இன்னிங்ஸ், 0.6875. நீலம்: 9 ரன், 17 இன்னிங்ஸ், 0.5294. பச்சை: 14 ரன், 18 இன்னிங்ஸ், 0.7778. நீலம் முதலிடம்.

இரண்டாவது இடம் சிவப்புக்குத்தானே என்று பேனாவை மூடிவிடாதீர்கள். ஓர் இடம் தீர்ந்ததும் மீதி இருப்பவர்களுக்கு மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். இருவரில் யார் யாரை வென்றது? பச்சை சிவப்பை வென்றது. ஆகவே பச்சை மேலே. மூன்று ஆட்டத்தில் 22 ரன் குவித்த சிவப்பு, பட்டியலில் எல்லாரையும்விட அதிகம் அடித்த அணி, வீட்டுக்கு. இந்த இடத்தில் மைதானத்தில் சத்தம் எழாமல் நான் பார்த்ததில்லை.

இதனால்தான், 9-2 என்று முன்னிலையில் இருக்கும்போதும் சில மேனேஜர்கள் ஒற்றை ரன்னைத் தடுக்க மெனக்கெடுவார்கள். பூல் ஆட்டத்தில் அது வீம்பு அல்ல.

8. பிட்சர் காலண்டரைப் போடுங்கள்

இவ்வளவு தூரம் வந்ததே இதற்காகத்தான். 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது. வீசிய எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டாய ஓய்வு: 20 வரை ஓய்வு தேவையில்லை, 21 முதல் 35 வரை ஒரு நாள், 36 முதல் 50 வரை இரண்டு, 51 முதல் 65 வரை மூன்று, 66-உம் அதற்கு மேலும் என்றால் நான்கு நாள். 10 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் வரம்பு 75.

இவை காலண்டர் நாட்கள், மணிக்கணக்கு அல்ல. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீசினாலும் இரவு எட்டுக்கு வீசினாலும் கணக்கு ஒன்றுதான். வீசிய நாளை ஓய்வில் சேர்க்காதீர்கள். வியாழன் 70 பந்து வீசிய பிள்ளைக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் ஓய்வு, செவ்வாய்தான் மறுபடி வீசலாம். 50-இல் நிறுத்தியிருந்தால் ஞாயிறு, 35-இல் நிறுத்தியிருந்தால் சனி, 20-இல் என்றால் மறுநாளே.

காலண்டரில் ஒவ்வொரு பிட்சருக்கும் ஒரு வரிசை போட்டு, மேலே பிராக்கெட்டிலிருந்து எடுத்த ஆட்ட நாட்களை எழுதுங்கள். வென்றால் ஆடும் நாள், தோற்றால் ஆடும் நாள் இரண்டையும். பிறகு ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் எண்ணிக்கையை எழுதி, ஓய்வு நாட்களை அடித்துவிடுங்கள். மூன்றாம் நாள் வாக்கில் அந்தத் தாளைப் பார்த்தாலே, பிராக்கெட்டில் யார் எதிரே என்பதைவிட நம்மிடம் யார் மிச்சம் என்பதுதான் விஷயம் என்று புரிந்துவிடும்.

நன்றாக வீசிக்கொண்டிருக்கும் பிள்ளையை மேனேஜர் 34, 35-இல் மாற்றினால் ஸ்டாண்டில் முணுமுணுப்பு கிளம்பும். அவர் இந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை, நாளை மறுநாள் ஆட்டத்தைப் பார்க்கிறார்.

ஒரு நுணுக்கம். பேட்டர் ஒருவரை எதிர்கொண்டிருக்கும்போது 35 வந்துவிட்டால், அந்த பேட்டரை முடிக்கும்வரை வீசலாம். அடுத்த பேட்டருக்கு ஒரு பந்தும் போடாமல் மாற்றிவிட்டால் ஓய்வுக்கு 35 என்றே கணக்கு, கையிலிருந்து போனது 39 ஆக இருந்தாலும். மற்ற எல்லைகளுக்கும் இதே விதி. புதிய ஸ்கோரர்கள் இதை அறியாமல் 39 என்று பார்த்து இரண்டு நாள் ஓய்வு எழுதிவிடுவார்கள். அதனால் ஒரு பிட்சரை வீணாக ஒரு நாள் உட்கார வைத்த அணிகள் உண்டு.

பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சரையும் மறக்காதீர்கள். 41 பந்தோ அதற்கு மேலோ வீசிய பிள்ளை அன்று கேட்சராக நிற்க முடியாது. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக நின்ற பிள்ளை அன்று பந்து வீச முடியாது. சிறந்த பிட்சரும் சிறந்த கேட்சரும் ஒரே பிள்ளையாக இருப்பது இந்த வயதில் சகஜம், அதனால் காலண்டரில் கேட்சருக்கும் ஒரு வரிசை வேண்டும்.

செல்பேசி ஆப் காட்டும் எண்ணிக்கையை நம்பிச் சண்டை போட வேண்டாம். ஸ்டாண்டிலிருந்து ஒரு ஃபவுல் பந்தைத் தவறவிட்டாலே கணக்கு மாறிவிடும். அதிகாரபூர்வ எண்ணிக்கையாளரின் தாளில் இருப்பதுதான் செல்லும். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் இரண்டு அணியின் ஸ்கோரர்களும் அதோடு சரிபார்த்துக்கொள்வதே நல்ல பழக்கம்.

9. மழை வந்தால்

ஆட்டம் முழு ஆட்டமாகக் கருதப்படும் அளவு நடக்குமுன் மழை நிறுத்தினால், அது முதலிலிருந்து தொடங்காது. நின்ற இடத்திலேயே, அதே ஸ்கோர், அதே அவுட், அதே பேட்டரோடு தொடரும்.

இங்கே காலண்டரைத் திருத்த வேண்டும். வெள்ளி பாதியில் நின்று சனிக்கிழமை தொடரும் ஆட்டத்தில், வெள்ளி 40 பந்து வீசிய பிள்ளை சனிக்கிழமை வீச முடியாது, ஆட்டம் ஒன்றுதான் என்றாலும். அதோடு, தொடர வேண்டிய ஆட்டமும் அன்றைய ஆட்டமும் ஒரே நாளில் வரலாம். இந்தப் பிரிவில் ஒரு பிள்ளை ஒரே நாளில் இரண்டு ஆட்டத்தில் பந்து வீச முடியாது.

மழை நாளன்று புதுத் தாள் வரும். பழையதைப் படம் பிடித்து வைத்திருப்பவர்கள் அதையே பார்த்துத் தவறான நேரத்துக்கு வந்து நிற்பார்கள். தாளின் மூலையில் இருக்கும் தேதியையும் நேரத்தையும் பார்த்து, பழையதைக் குழுவிலிருந்து அழித்துவிடுங்கள்.

10. குடும்பத்துக்கான ஏற்பாடு

தோற்றவர் பாதையின் கடைசி நாள்வரை அறை எடுங்கள், ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில். 15-ஆம் ஆட்டம் இருக்கும் தாள் என்றால் அந்த நாளையும் சேர்த்து. திரும்பும் விமானச் சீட்டை மாற்ற முடியாத விலையில் வாங்க வேண்டாம். நான்கு அணி ரீஜனில் இரண்டே ஆட்டத்தில் கதை முடிந்துவிடலாம், தோற்றவர் பக்கமாகச் சுற்றி வந்தால் கடைசி நாள்வரை இழுக்கலாம், எது என்று கிளம்பும்போது யாருக்கும் தெரியாது.

ஊரிலிருந்து தாத்தா, பாட்டி ஒரே ஓர் ஆட்டம் பார்க்க வருகிறார்கள் என்றால் முதல் ஆட்டத்துக்கு அழையுங்கள். தேதியும் நேரமும் உறுதியாகத் தெரிந்த ஒரே ஆட்டம் அதுதான்.